மூன்று மாதம் நிற்க வந்தவள்

"தனியவோ?"

ஜெர்மனிக்குப் போகப்போகிறேன் என்று நான் சொன்னபோது ஒக்லாந்தில் எனக்குத் தெரிந்த சனம் முழுக்கக் கேட்ட கேள்வி இது ஒன்றுதான். கோயிலில் கேட்டார்கள். சாமான் கடையில் கேட்டார்கள். ஒரு பிறந்தநாள் வீட்டில் ரோல்ஸ் தட்டை நீட்டியபடி கேட்டார்கள். அப்படிக் கேட்கும்போது முகத்தில் ஒரு பரிதாபம் வரும், எனக்கு ஏதோ தீராத வருத்தம் வந்துவிட்டது போல. அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். "ஓம், தனியத்தான்" என்பேன். "அப்ப அங்கை ஆரிட்டை நிக்கப் போறியள்?" என்று அடுத்தது வரும். ஹோட்டலில் என்று சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

நான் கல்யாணம் செய்யாதவள். ஐம்பதைத் தாண்டிச் சில வருடங்களாகிவிட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணர் என்னை ஸ்பொன்சர் செய்து எடுத்தார். அன்று தொடக்கம் ஹில்ஸ்பரோவில் அவருடைய வீட்டின் கீழ்த்தள அறைதான் என் இருப்பிடம். அண்ணரும் அண்ணியும் வேலைக்கு ஓட, அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் குளிக்கவார்த்து, சாப்பாடு தீத்தி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு வளர்த்தவள் நான். அவர்கள் வளர்ந்த பிறகுதான் பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் எனக்கு வேலை கிடைத்தது. எந்த லொறி எந்த வாசலில் வந்து நிற்கவேண்டும் என்று சொல்கிற வேலை. லொறிச் சாரதிகள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த வளவை விட்டு வெளியே வந்தால் இந்த ஊரில் நான் இன்னாருடைய தங்கச்சி, அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று கிழமைக்கு நான் ஒருவருக்கும் தங்கச்சியாகவோ மாமியாகவோ மச்சாளாகவோ இருக்கக்கூடாது. பழைய தெருக்களில் நடக்கவேண்டும். கால் வலித்தால் இருக்கவேண்டும். பசித்தால் சாப்பிடவேண்டும், பசிக்காவிட்டால் ஒருவரும் "இன்னும் கொஞ்சம் போடட்டோ" என்று கரண்டியோடு நிற்கக்கூடாது. பழைய கட்டடங்கள் என்றால் எனக்கு ஆசை. ஒக்லாந்தில் பழைய வீடு என்பது நூறு வருடத்துப் பலகை வீடு. அதற்கும் வெள்ளை அடித்து ஏலத்தில் விட்டுவிடுவார்கள்.

ஜெர்மனியில் எங்கள் ஆட்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம். தொழிற்சாலை உள்ள ஊர்களில் இருக்கிறார்கள், எங்கள் கோயில் தேர் ஓடுகிற ஊரில் இருக்கிறார்கள். அதனால் அந்த ஊர்களைத் தொடாமல் வழி போட்டேன். வடக்கே லூபெக், நடுவில் குவெட்லின்பர்க், பிறகு பாம்பெர்க், கடைசியில் ரேகன்ஸ்பர்க். எல்லாம் பழைய மதிலும் பழைய பாலமும் உள்ள சின்ன ஊர்கள். என்னோடு வேலை செய்கிற மதுரைப் பெண் ஒருத்திதான் அந்தத் திட்டத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். "செம அக்கா! யார் கிட்டயும் சொல்லாம கெளம்பிடுங்க" என்றாள். அவள் பேச்சை நான் கேட்டிருக்கவேண்டும்.

வீட்டில் சொன்னதும் அண்ணர் "தனியவோ?" என்று கேட்கவில்லை. அதுவே எனக்கு அதிசயம். இரண்டு நாள் கழித்து, "டிக்கெட்டை நான் போடுறன், நீ இவ்வளவு காலம் எங்களுக்குச் செய்ததுக்கு" என்றார். திரும்பும் திகதியைக் காசில்லாமல் மாற்றக்கூடிய ஓப்பன் டிக்கெட். "வசதியாய் இருக்கும்" என்றார். நான் கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோசம். அண்ணியும் நல்ல முகத்தோடு ஒரு பார்சலைக் கொண்டுவந்து தந்தார். அண்ணியின் தமக்கை நூரம்பெர்க் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் மானுகா தேனும் சில உடுப்பும். "அக்கா தானே வந்து எடுப்பா, மச்சாள். உங்களுக்கு ஒரு அலைச்சலும் இல்லை."

வெளிநாட்டுக்குப் போகிற தமிழன் பார்சல் கொண்டுபோகமாட்டேன் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. சொன்னால் அந்தக் கதை போகிற ஊருக்கு எங்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிடும். நாலு பக்கமும் டேப் ஒட்டிய அந்தப் பொதி என் சூட்கேசில் பாதியைப் பிடித்தது. எனக்கு விருப்பமான இரண்டு சட்டைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு அதை உள்ளே வைத்தேன்.

லூபெக்கில் இறங்கிய முதல் நாளே ஒரு உண்மை தெரிந்தது. தனியாகப் போகிற பெண்ணைக் கண்டு முகம் சுளிப்பது எங்கள் சனம் மட்டுமில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் போனால் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மேசையைக் காட்டுவார்கள். ஜன்னலோரம் முழுக்கச் சோடிகளுக்கு. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் பொரித்த இறைச்சி நெய்யின் வெக்கை என் முகத்தில் அடிக்கும். மூன்றாம் நாள் நானாகப் போய் ஜன்னலோரத்தில் இருந்தேன். பரிமாறுகிறவள் ஒரு மூச்சு விட்டாள், ஆனால் எழுப்பவில்லை.

ஊர் அழகுதான். செங்கல் கோபுரங்கள் இரண்டு கொண்ட நகர வாசல், தன் பாரத்தில் தானே நிலத்துக்குள் இறங்கிச் சரிந்து நிற்கிறது. பெரிய தேவாலயம் ஒன்றில், யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்தபோது மேலிருந்து விழுந்த மணிகளை விழுந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள், உடைந்தபடி, நிலத்தில் புதைந்தபடி. அந்த மணிகளின் முன்னால் நான் அரை மணித்தியாலம் நின்றேன். அதற்குள் கொடி பிடித்த வழிகாட்டிகள் பின்னால் எத்தனை கூட்டம் வந்து போயின! மணிக்கு முதுகைக் காட்டி, பல்லைக் காட்டி, செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மனுசன் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே எடுத்தான். வெளியே வந்தால் தெரு முழுக்க மார்சிபன் கடை. பாதாமும் சீனியும் அரைத்துப் பன்றிக்குட்டி, பழம், உருளைக்கிழங்கு என்று உருட்டி வைத்திருந்தார்கள். ஆசைப்பட்டு ஒரு பன்றிக்குட்டியை வாங்கிக் கடித்தேன். இருமல் மருந்தைப் பிசைந்து தின்றது போல இருந்தது. துப்புவதற்கு இடம் தேடினால் கழிப்பறை வாசலில் சில்லறை கேட்டு ஒரு இயந்திரம் நிற்கிறது.

இருந்தாலும் சொல்லவேண்டும், அந்த எரிச்சல் எல்லாம் என் சொந்த எரிச்சல். ஒருவருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. மார்சிபன் பிடிக்கவில்லை என்றால் முகத்தைச் சுளிக்கலாம், "ஐயோ, நல்லாயிருக்கு" என்று சொல்லத் தேவையில்லை. எத்தனை வருடமாக நான் வாயில் வைத்த ஒரு சாமானை நல்லாயில்லை என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குவெட்லின்பர்க் சின்னப் பட்டினம். மரச்சட்டங்களுக்கு நடுவே மண் பூசிக் கட்டிய வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. மேலே குன்றில் ஒரு கோட்டையும் தேவாலயமும். அங்கே இங்கிலிஷில் விளங்கப்படுத்திய பெண் ஒரு சங்கதி சொன்னாள். அந்தக் குன்றில் இருந்தது கல்யாணம் செய்யாத பெண்களின் மடம். நூற்றாண்டு நூற்றாண்டாக அந்தப் பெண்கள்தான் கீழே உள்ள ஊரை ஆண்டார்கள். வரி வாங்கினார்கள், வழக்குத் தீர்த்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பார்த்தாயா, என்று மனதுக்குள் அண்ணியோடு பேசினேன். பிறகு அவள் மிச்சத்தையும் சொன்னாள். செத்துப்போன ராசாவுக்காகப் பிரார்த்தனை செய்வதற்கென்று அவருடைய பெண்சாதி தொடங்கிய இடமாம் அது. வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளையைக் கல்யாணம் செய்யாமல் வைத்து, குடும்பத்துப் பிணங்களைப் பார்த்துக்கொள் என்று மலையில் ஏற்றி விட்டிருக்கிறார்கள். ராசவம்சம் என்ன, எங்கள் வம்சம் என்ன. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கூட வந்த ஜெர்மன்காரர்கள் திரும்பி முறைத்தார்கள்.

பாம்பெர்க்கில் ஆற்றுக்கு நடுவே, பாலத்தின் மேல், பழைய நகர மண்டபத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் பியருக்குப் பேர்போனது, அதிலும் புகை போட்ட பியருக்கு. என் வாழ்க்கையில் நான் பியர் குடித்ததில்லை. ஹோட்டலுக்கு எதிரே ஒரு கடை வாசலில் இருந்து ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கறுப்பாக, நுரையோடு வந்தது. ஒரு வாய் விட்டேன். சுட்ட கருவாட்டை ஊறவைத்த தண்ணீர். மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் வாய் விடும்போது, "தங்கச்சி!" என்று ஒரு குரல். அண்ணியின் தமக்கையும் அவருடைய கணவரும் மேசைக்கு முன்னால் நின்றார்கள். பார்சல் எடுக்க மாலையில் வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானமே வந்துவிட்டார்கள். அந்த அக்கா கிளாசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று இரவே அது ஒக்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததைப் பிறகு அறிந்தேன்.

"பார்சல் ஹோட்டலிலை இருக்குது அக்கா, எடுத்துத் தாறன்" என்றேன்.

"பார்சல் கிடக்கட்டும். ஒரு இரவு வந்து நிண்டு போட்டுப் போங்கோ. இவ்வளவு தூரம் வந்து வீட்டை வராமல் போனால் என்ரை தங்கச்சி என்னோடை கதைக்கமாட்டாள். நாளைக்கு இவரே உங்களை ரெயிலிலை ஏத்தி விடுவார்."

ஒரு இரவுதானே என்று, ஹோட்டலிலிருந்து சூட்கேசையும் பார்சலையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். காரில் ஒரு மணித்தியாலம். வழியெல்லாம் ஊர்க் கதை, யார் எங்கே வீடு வாங்கினார்கள், யாருடைய பெடியன் வெள்ளைக்காரியைக் கட்டினான். எனக்குத் தலையிடித்தது. நூரம்பெர்க்கின் கோட்டையைக் கண்ணாடிக்குள்ளால் தூரத்தில் காட்டி, "அதுதான் பழைய பக்கம், ஒண்டும் இல்லை அங்கை" என்றார் அக்காவின் கணவர். அது ஒன்றைப் பார்க்கத்தான் மனிதர்கள் உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள்.

மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு. சோபாவில் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றவில்லை. தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது. பார்சலை என் முன்னாலேயே வெட்டினார்கள். மேலே இரண்டு போத்தல் தேன். அதற்குக் கீழே என்னுடைய சோட்டி. வீட்டில் நான் போடுகிற பூப்போட்ட நீள உடுப்புகள் மூன்று. ஒக்லாந்திலிருந்து வெளிக்கிடுவதற்கு முந்தின கிழமை உடுப்புத் தோய்க்கும் அறையில் காணவில்லை என்று நான் தேடித் திரிந்தவை. அதோடு என் கம்பளிச் சட்டை, என் வீட்டுச் செருப்பு. அடியில் பார்மசிப் பை, அதற்குள் என் பிரஷர் குளிசைகள், மூன்று மாதத்துக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணி பையை மாறிக் கட்டிப்போட்டா போல" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா என் சோட்டியை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அம்மாவைப் பாக்க வாங்கோ" என்றார்.

உள்ளறையில் அண்ணியின் தாய், எனக்கு மாமி, கம்பி போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். வாயின் ஒரு பக்கம் தொங்கியிருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. என்னைக் கால் தொடக்கம் தலை வரை பார்த்தார்.

"இதுவோ அந்தப் பிள்ளை? நியூசிலாந்திலையிருந்து என்னைக் கழுவ வாறதெண்டது?"

அக்கா சட்டென்று, "அம்மாக்கு இப்ப நினைவு கொஞ்சம் தடுமாறுது" என்றார்.

"எனக்கு ஒண்டும் தடுமாறேல்லை. நீதானே சொன்னனி, மூண்டு மாதம் நிப்பா, விசாவும் தேவையில்லையெண்டு."

நியூசிலாந்துப் பாஸ்போட்டுக்கு அங்கே மூன்று மாதம் விசா இல்லாமல் நிற்கலாம். அது எனக்கும் தெரியும். அதை வைத்து ஒரு கணக்குப் போடலாம் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அக்கா அழத் தொடங்கினார். காலையில் வருகிற நேர்ஸ் அவசரமாகத் துடைத்துவிட்டுப் போய்விடுகிறாளாம். முதியோர் ஹோமில் விடச் சொல்கிறார்களாம். விட்டால் ஊர்ச்சனம் என்ன கதைக்கும்? அக்கா தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர், குனிய முடியாமல் நாரி வேறு வலி. அழுகை பொய்யில்லை. அந்த மனுசி உண்மையாகவே களைத்துப் போயிருந்தார். என்னிடம் கேட்டிருந்தால் நான் ஓம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார்கள். என் உடுப்பை என் கையாலேயே சுமக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் அறையில் மணம் எழும்பியது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் கணவர் பல்கனிக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். அக்கா வாசல் நிலையில் நின்று சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கையுறை எங்கை வைச்சனான்" என்று அங்கேயே நின்று தேடினார். கையுறைப் பெட்டி எனக்கே தெரிந்தது, கட்டிலுக்குப் பக்கத்து மேசையில்.

ஒரு மனுசியை அப்படியே கிடக்க விடமுடியுமா? சுடுதண்ணீர் கேட்டேன். துவாய் கேட்டேன். பக்கவாட்டில் புரட்டிக் கழுவினேன், துடைத்தேன், பவுடர் போட்டேன், விரிப்பை மாற்றினேன். எனக்குத் தெரிந்த வேலைதான். என் தாயையும் தகப்பனையும் கடைசி வரை பார்த்தவள் நான். அந்த நேரத்தில் எனக்கு ஒரு அருவருப்பும் இருக்கவில்லை. மலம் மலம்தான், தண்ணீர் விட்டால் போய்விடும். மாமியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"உன்னைக் கேட்டவையே?" என்றார் மெதுவாக.

இல்லை என்று தலையாட்டினேன்.

"என்னையும் கேக்கேல்லை" என்றார்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது அக்கா சுடச்சுடத் தேத்தண்ணி வைத்திருந்தார். அழுத முகம் மலர்ந்திருந்தது. "எவ்வளவு பக்குவமான கை, தங்கச்சி. உங்களுக்கெண்டே கடவுள் தந்த கை" என்றார். அவருடைய கணவர் பல்கனியிலிருந்து வந்து, "நேர்ஸ்மார் பிச்சை வாங்கவேணும்" என்று சேர்த்துச் சொன்னார். அப்போதுதான் எனக்கு அருவருத்தது. அந்தத் தேத்தண்ணியின் ஏலக்காய் மணம், பிளாஸ்டிக் உறை, சோபாவில் மடித்து வைத்திருந்த என் சோட்டி, அந்த இரண்டு பேருடைய திருப்தியான முகம். குளியலறைக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். பியரால் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அன்று இரவு அண்ணர் வீடியோவில் வந்தார். ஒக்லாந்தில் விடிந்திருந்தது, பின்னால் எங்கள் குசினி தெரிந்தது. நான் கத்தவில்லை. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னால் நீ யோசிப்பாய். வந்து பாத்தால் உனக்கே மனம் இளகும் எண்டுதான். கொஞ்ச நாள்தானே. உனக்கென்ன, பிள்ளையோ குட்டியோ?"

"எனக்கு வேலை இருக்குது அண்ணை."

"லீவைக் கூட்டி எடுக்கலாம். டிக்கெட்டை ஏன் ஓப்பனாய்ப் போட்டனான் எண்டு நினைச்சாய்?"

நான் அழுத அழுகை ஞாபகம் வந்தது. கீழ் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நன்றியில் அழுத அழுகை. என் மேலேயே எனக்கு அருவருத்தது. போனை அணைத்துவிட்டேன்.

காலையில் நேர்ஸ் வரும் வரைக்கும் காத்திருந்தேன். அவள் வந்தாள், ஒரு தடித்த வெள்ளைக்காரி, மாமியை ஏதோ செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மாமி அவளைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பை அந்த வீட்டில் வேறு ஒருவரிடமும் நான் காணவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "போட்டு வாறன் மாமி" என்றேன். எங்கள் வழக்கத்தில் போகிறவரைப் பார்த்து வெறுமனே போ என்று ஒருவரும் சொல்வதில்லை, போட்டு வா என்றுதான் சொல்வார்கள். மாமி, "போ பிள்ளை. திரும்பி வராதை" என்றார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அக்கா படி வரைக்கும் அழுதுகொண்டு வந்தார். அவருடைய கணவர் ரெயிலில் ஏற்றி விட வரவில்லை. என் சோட்டிகளை நான் எடுக்கவில்லை, குளிசையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ரேகன்ஸ்பர்க்கில் ஒரு பழைய கல்லுப் பாலம் இருக்கிறது, டான்யூப் ஆற்றுக்கு மேலே. படங்களில் பார்த்து நான் ஆசைப்பட்ட பாலம். அதன் நடுவில் போய் நின்றேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மனதுக்குள் அண்ணரோடு வழக்காடிக்கொண்டிருந்தேன். ஒரு வசனத்தைச் சொல்வேன், அது போதவில்லை என்று அழித்துவிட்டு வேறொன்றைச் சொல்வேன். கரையில் சோசேஜ் சுடுகிற புகை மூக்கில் ஏறியது. தேவாலயத்துக்குள் போனேன், நிறக் கண்ணாடிகளுக்குக் கீழே இருந்து மறுபடி வழக்காடினேன். எனக்கென்று நான் எடுத்த நாட்களை, அவர்கள் ஒருவருமே அங்கு இல்லாமல் என்னிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அதை நினைக்க நினைக்க இன்னும் பற்றி எரிந்தது. நாலாவது நாள் காலையில்தான் கண் விழித்தபோது தலைக்குள் சத்தம் இல்லை. வெளியே மழை. கட்டிலில் இருந்தபடி ஒரு பணிஸ் ரொட்டியைச் சாப்பிட்டேன். விரிப்பெல்லாம் தூள். தட்டவில்லை.

திகதி மாற்றாமல், போட்டபடியே திரும்பி வந்தேன். விமான நிலையத்துக்கு ஒருவரும் வரவில்லை. மதுரைப் பெண்ணுக்குப் போன் அடித்தேன், வேலை முடித்து அப்படியே காரில் வந்தாள். ஹில்ஸ்பரோ வாசலில் அவளை நிற்கச் சொல்லிவிட்டுக் கீழ்க் கதவைத் திறந்தால், என் அறைக்குள் ஒரு பெடியன், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. "ஹலோ?" என்றான், நான் யாரோ திருட வந்தவள் போல. பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவனாம். மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறானாம். என் கட்டிலில் அவனுடைய கால்சட்டை கிடந்தது.

அண்ணி மேலே சமைத்துக்கொண்டு நின்றார், திரும்பவில்லை. "எங்கடை அம்மாவை அப்படியே விட்டிட்டு வர உங்களுக்கு என்னெண்டு மனம் வந்தது, மச்சாள்?" என்று சட்டியைப் பார்த்துக் கேட்டார். அண்ணரின் மகள் வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "சொறி மாமி, வீ தோட் யூ வோன்டட் டு ஸ்டே" என்றாள். நானே விரும்பி அங்கே நிற்பதாகத்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் சாமான் கராஜில் பெட்டிகளாக இருந்தது. வெளியே போய்ச் சொன்னேன். மதுரைப் பெண் காரை அணைத்துவிட்டு இறங்கினாள். பிறகு, "ஒடாஹுஹுல எங்க மேல் போர்ஷன்ல ஒரு ரூம் காலியா இருக்குக்கா. கடைத்தெரு, சத்தம் இருக்கும். வர்றீங்களா?" என்றாள். நான் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினேன்.

கடைசிப் பெட்டிக்கு வந்தபோது அண்ணர் கராஜுக்குள் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ரேகன்ஸ்பர்க் பாலத்தில் நின்று தயாரித்த வசனம் முழுக்க என் நாக்கில் நின்றது. அவர் திட்டவில்லை. பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார், ஆனால் தூக்கவில்லை.

"அப்ப நாளைக்கு எங்களுக்கு ஏலாமல் வரேக்கை ஆர் பாக்கிறது?" என்றார். "நீ இருக்கிறாய் எண்டுதான் நாங்கள் யோசிக்காமல் இருந்தனாங்கள்."

மேலே அவருடைய மகளின் காலடிச் சத்தம் கேட்டது. மகன் வெலிங்டனில் வேலை செய்கிறான். அந்த இருவரையும் அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு வாழ்க்கை இருக்கிறது. அண்ணருக்குப் பயமாக இருந்தது, அது உண்மையான பயம். நான் தயாரித்து வைத்த வசனம் ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை.

அவருக்கும் எனக்கும் நாலே வயதுதான் வித்தியாசம்.

"எனக்கும் ஏலாமல் வருமெல்லோ அண்ணை" என்றேன். "அப்ப என்னை ஆர் பாக்கிறது?"

அண்ணர் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கோ?" என்று கேட்டார். நடிக்கவில்லை. அந்த நினைப்பு அவருக்கு அப்போதுதான் முதல் தடவையாக வந்தது.